விடுதி மூடியதும் அறுந்தது எது? பெருந்தொற்றுக் காலத்தில் கல்லூரி மாணவர்களும் மனநல உதவியும்

2020 மார்ச் 17 முதல் தமிழகத்தில் கல்வி நிலையங்கள் மூடப்பட்டன. முதல் அறிவிப்பு மார்ச் 31 வரை என்றுதான் சொன்னது. அதை நம்பி, இரண்டு வாரத்துக்கான துணியை மட்டும் பையில் எடுத்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறிய விடுதி மாணவர்கள் ஏராளம். இளநிலை இறுதியாண்டு மாணவர்களுக்கு வகுப்பறை மீண்டும் திறந்தது டிசம்பர் 7 அன்று. மற்றவர்கள் 2021 பிப்ரவரி 8 வரை காத்திருந்தார்கள். அடுத்த மாதமே மறுபடியும் மூடல். செப்டம்பர் 1 அன்று மறுபடியும் திறப்பு.

இந்த ஒன்றரை ஆண்டில் மத்திய அரசும் மாநில அரசும் மாணவர்களின் மனநலத்துக்காகப் பல திட்டங்களை அறிவித்தன. உதவி எண்கள் அடுத்தடுத்து வந்தன. இருந்தும், தேவைப்பட்ட பெரும்பாலோருக்கு உதவி எட்டவில்லை. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கல்லூரி ஆலோசகர்கள் பற்றிப் பிறப்பித்த உத்தரவுகளுக்குப் பிறகு இந்தக் கேள்வி மீண்டும் எழுந்திருக்கிறது: எண் இருந்தது, திட்டம் இருந்தது, சட்டமும் இருந்தது; தடை எங்கே இருந்தது? அதைப் புரிந்துகொள்ளாமல் புதிய உத்தரவுகளின் மதிப்பை எடைபோட முடியாது.

முதலில் சொற்கள்

தமிழ்ச் செய்திகளில் எல்லா மனத்துயரமும் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. இது சிறிய மொழிப்பிழை போலத் தோன்றலாம். உண்மையில் உதவி தேடும் பாதையே இங்கேதான் முதலில் திசைமாறுகிறது.

மன அழுத்தம் என்பது வெளியிலிருந்து வரும் நெருக்கடிக்கு மனமும் உடலும் காட்டும் எதிர்வினை. தேர்வு முடிந்தால் குறையும். கட்டணம் கட்டிவிட்டால் தணியும். மனச்சோர்வு வேறு. இரண்டு வாரத்துக்கும் மேலாக, பெரும்பாலான நேரம், எதிலும் நாட்டமின்மை, தூக்கத்திலும் பசியிலும் மாற்றம், தன்னைப் பற்றிய தாழ்வுணர்வு, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவை தொடர்ந்தால் அது மருத்துவர்கள் அடையாளம் காணும் ஒரு நோய். பதற்றக் கோளாறு இன்னொன்று. நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, ‘இதயத்தில்தான் ஏதோ கோளாறு’ என்று நினைத்துப் பொது மருத்துவரிடம் ஓடுபவர்களில் கணிசமானோர் இதற்கு ஆளானவர்கள். ‘எல்லோருக்கும்தான் மன அழுத்தம்’ என்று வீட்டார் சொல்லும்போது, மனச்சோர்வில் இருக்கும் மாணவிக்குத் தன் நிலையைச் சொல்ல வேறு சொல்லே மிஞ்சுவதில்லை.

உதவி செய்பவர்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. மனநல மருத்துவர்: எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர். மாத்திரை எழுதலாம்.

2. மருத்துவ உளவியலாளர்: இந்திய மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த பயிற்சியை முடித்து அதில் பதிவு பெற்றவர். மாத்திரை எழுத முடியாது. நோயை மதிப்பிடவும் பேச்சுவழிச் சிகிச்சை தரவும் பயிற்சி உள்ளவர்.

3. ஆலோசகர்: கல்லூரிகளில் பெரும்பாலும் நாம் சந்திப்பவர் இவர்தான். உளவியலிலோ சமூகப் பணியிலோ முதுநிலைப் பட்டம் பெற்றவராக இருக்கலாம். சில மாதச் சான்றிதழ்ப் படிப்பு மட்டும் முடித்தவராகவும் இருக்கலாம். பெருந்தொற்று தொடங்கியபோது இந்தப் பணிக்கு நாடு முழுவதற்குமான உரிமமோ பதிவேடோ கிடையாது. 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம்தான் நடத்தைசார் நலப் பணிகளையும் ஓர் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவர முனைந்தது.

இந்த மூவரும் எத்தனை பேர் இருக்கிறார்கள்? இந்தியாவில் லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர் என்பது நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையிலும் இடம்பெற்ற கணக்கு. குறைந்தது மூவர் வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோயின் தன்மையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காடு வரையிலானோர் சிகிச்சையே பெறவில்லை என்று கண்டது. ஒரு கிருமி வந்து இந்தப் பள்ளத்தை வெட்டவில்லை. ஏற்கெனவே இருந்த பள்ளத்தின் மீது போட்டிருந்த பலகையை மட்டும் எடுத்துவிட்டது.

அந்தப் பலகை எது?

கல்லூரி மாணவர்களுக்கான மனநல உதவி என்றதும் ஆலோசனை அறையின் பெயர்ப்பலகையைத்தான் நினைக்கிறோம். நடைமுறையில் அந்த அறைக்கு மாணவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு ஒரு வலை. அதற்கு அரசாணை எதுவும் கிடையாது.

மூன்று நாளாக மெஸ்ஸுக்கு வராதவனை அறைத்தோழன் கவனிக்கிறான். ராத்திரி முழுவதும் விளக்கு எரிவதைப் பக்கத்து அறைக்காரி பார்க்கிறாள். வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து விடுபடும் பெயரை வகுப்பு ஆசிரியர் கவனிக்கிறார். தமிழகக் கல்லூரிகளில் ஓர் ஆசிரியரின் பொறுப்பில் இருபது, முப்பது மாணவர்களை விடும் ‘டியூட்டர்–வார்டு’ முறை பழையது. கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் தேசிய அமைப்பான நாக்கின் மதிப்பீடும் ஒரு வழிகாட்டி ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள் என்று கணக்குக் கேட்கிறது. பல இடங்களில் அது கையெழுத்து வாங்கும் சடங்காகக் குறுகிவிட்டது உண்மைதான். ஆனாலும் அக்கறையுள்ள ஓர் ஆசிரியர் இருந்தால், ‘ஏம்மா, உடம்பு சரியில்லையா?’ என்ற ஒரு கேள்விக்கு அது இடம் தந்தது.

இந்த வலையில் உதவி கேட்க வேண்டிய பொறுப்பு, துன்பப்படுபவர் மீது மட்டும் விழவில்லை. மற்றவர்கள் பார்த்தார்கள். மனச்சோர்வின் இயல்பே உதவி கேட்கும் தெம்பை முதலில் பறித்துவிடுவதுதான். ஆகவே ‘கேட்டால் கிடைக்கும்’ என்ற ஏற்பாட்டைவிட ‘கேட்காமலே கண்ணில் படும்’ என்ற ஏற்பாடு பல மடங்கு வலுவானது.

விடுதி மூடிய அன்று அறுந்தது இந்த வலை. காணொலி வகுப்பில் கேமராவை அணைத்துவிட்டுப் பெயராக மட்டும் தெரியும் மாணவரிடம் எந்த ஆசிரியராலும் எதையும் பார்க்க முடியாது. விடுதிகள் வேறு தேவைகளுக்குப் போயின. சென்னையில் அண்ணா பல்கலைக்கழக விடுதியைத் தொற்று சிகிச்சை மையமாக்க 2020 ஜூனில் மாநகராட்சி கேட்டபோது, மாணவர்களின் உடைமைகள் அறைகளுக்குள்ளேயே இருந்தன. திரும்பி வந்த இடமும் பழைய இடமாக இல்லை. 2020 டிசம்பரில் சென்னை ஐஐடி வளாகத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானபோது, விடுதி என்பது அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பொட்டலச் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் இடமாகிவிட்டது.

சுமை எங்கிருந்து வந்தது

நோய் பற்றிய அச்சம், வீட்டில் மரணம், தந்தையின் வேலையிழப்பு ஆகியவை எல்லோருக்கும் பொது. கல்லூரி மாணவர்களுக்கென்று தனியாக ஒரு சுமை இருந்தது: நாள் குறிக்கப்படாத காத்திருப்பு.

இறுதியாண்டுத் தேர்வு நடக்குமா என்பது 2020 ஏப்ரலில் இருந்து தெரியவில்லை. ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு, செப்டம்பர் இறுதிக்குள் நடத்தியே ஆக வேண்டும் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய் ஆகஸ்ட் 28 அன்றுதான் தீர்ப்பு வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு தமிழக அரசு, தேர்வுக் கட்டணம் கட்டிய அரியர் மாணவர்களுக்குத் தேர்விலிருந்து விலக்கு என்று அறிவித்தது. தெருவில் பட்டாசு வெடித்துக் கொண்டாடியவர்கள் உண்டு. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு ஏற்க மறுத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு பல மாதம் இழுபட்டது. ‘பாஸ்’ என்று வீட்டில் சொல்லிவிட்ட ஒருவன், தான் உண்மையிலேயே தேறியவனா என்று தெரியாமல் வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டிய நிலை. வளாக நேர்காணலில் கிடைத்த வேலைக்குச் சேரும் தேதி தள்ளிப்போனவர்களும் இதே மனநிலையில்தான் நாள்களை எண்ணினார்கள்.

எண்ணிக்கை ஒன்றைச் சொல்ல வேண்டும். கவனமாகச் சொல்ல வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவில், தற்கொலையால் இறந்த மாணவர்கள் 2019-இல் 10,335 பேர், 2020-இல் 12,526, 2021-இல் 13,089. இதில் பள்ளி மாணவர்களும் அடக்கம். ஒரு மரணத்துக்கு ஒற்றைக் காரணம் கிடையாது என்பதால், கூடுதலான அனைத்தையும் பெருந்தொற்றின் கணக்கில் எழுதுவது சரியல்ல. வகுப்பறைகள் பூட்டியிருந்த ஓராண்டில் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்கு கூடியது என்பதை மட்டும் யாராலும் மறுக்க முடியாது.

எண்கள் வந்த வரிசை

1. 2020 மார்ச் இறுதி: நிம்ஹான்ஸ் நிறுவனம் உளவியல் ஆதரவுக்கான இலவசத் தொலைபேசி எண்ணைத் தொடங்கியது.

2. ஏப்ரல் முதல் வாரம்: மாணவர்களுக்காக மனநல உதவி எண் அமைத்து, ஆலோசகர்களைக் கொண்டு கண்காணிக்குமாறு பல்கலைக்கழகங்களுக்கு மானியக் குழு கடிதம் எழுதியது.

3. ஜூலை 21: மத்தியக் கல்வி அமைச்சகம் ‘மனோதர்ப்பண்’ திட்டத்தையும் அதற்கான இலவச எண்ணையும் தொடங்கியது. மாணவர், ஆசிரியர், பெற்றோர் மூவருக்கும் இது பொது.

4. செப்டம்பர் 7: சமூக நீதி அமைச்சகத்தின் ‘கிரண்’ எண். நாள் முழுவதும், 13 மொழிகளில்.

5. இவற்றோடு தமிழகத்தில் முன்பிருந்தே இயங்கிய 104 சுகாதார உதவி எண். 1986 முதல் சென்னையில் தற்கொலைத் தடுப்புப் பணி செய்துவரும் சிநேகா போன்ற தன்னார்வ அமைப்புகளின் எண்கள்.

இந்த வேகத்தைக் குறை சொல்ல முடியாது. ஊரே பூட்டிக்கிடந்தபோது தொலைபேசிதான் கையிலிருந்த ஒரே கருவி. ஆனால் பட்டியலை மறுபடி படித்தால் ஒன்று புலப்படும்: ஒவ்வோர் அமைச்சகமும் ஒவ்வோர் எண்ணைத் தொடங்கியிருக்கிறது. கல்வித் துறையின் எண்ணை அழைத்தவர் சுகாதாரத் துறையின் மருத்துவமனைக்கு எந்த வழியாகப் போவார் என்பதற்கு ஒற்றைப் பாதை வகுக்கப்படவில்லை.

அழைப்பிலிருந்து சிகிச்சை வரை: ஐந்து படிகள்

உதவி எண் ஒரு வாசல். வாசலுக்கு வந்துசேர்வதும், வாசலைத் தாண்டி உள்ளே போவதும் தனித்தனி வேலைகள். தெற்கு மாவட்டம் ஒன்றின் கிராமத்தில், இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்துகொண்டு படிப்படியாகப் பார்க்கலாம்.

முதல் படி, கருவி. 2017-18-இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75-ஆம் சுற்றின்படி இணைய வசதி இருந்த வீடுகள் நகரத்தில் 42 விழுக்காடு. கிராமத்தில் ஏறத்தாழ 15. கணினி இருந்த கிராமத்து வீடுகள் நூற்றுக்கு நான்கைத்தான் தாண்டின. கைபேசி இருந்தாலும் அது அப்பாவுடையதாகவோ, தம்பியின் வகுப்புக்கும் சேர்த்து ஒரே கருவியாகவோ இருந்தது. அழைத்த எண் பதிவில் நிற்கும். ‘யாருக்குப் பேசினாய்?’ என்ற கேள்வி மாலையில் வரும்.

இரண்டாம் படி, இடம். எனக்கு இதுவே எல்லாவற்றிலும் பெரிய தடையாகத் தெரிகிறது. திட்ட அறிக்கைகளில் மிகக் குறைவாகப் பேசப்பட்டதும் இதுதான். மனநல ஆலோசனைக்குத் தேவையான முதல் உபகரணம் சாத்திக்கொள்ளக்கூடிய ஒரு கதவு. முன்னறையும் சமையலறையுமாக இரண்டே அறை உள்ள வீட்டில் ஐந்து பேர் நாள் முழுவதும் இருக்கிறார்கள். துயரத்துக்குக் காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்தால்? குடித்துவிட்டு வரும் தந்தை, பாதியில் நிறுத்தப்போகும் படிப்பு, அவசரமாகப் பேசி முடிக்கப்படும் திருமணம், பெற்றோரிடம் சொல்ல முடியாத காதல், தன் பாலின அடையாளம் பற்றிய குழப்பம்: இவற்றில் எதையும் அம்மா காதில் விழும்படி தொலைபேசியில் சொல்ல முடியாது. மாடிப்படியிலும் கிணற்றடியிலும் தோட்டத்திலும் நின்று பேசியவர்கள் உண்டு. இருட்டிய பிறகு ஒரு பையன் வெளியே நின்று பேசினால் ஊர் கண்டுகொள்ளாது. ஒரு பெண் நின்று பேசினால் பேச்சு வேறு திசையில் போகும். வெளியூர் விடுதி பல மாணவிகளுக்குப் படிக்கும் இடமாக மட்டும் இருந்ததில்லை. வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் குரலில் பேசக் கிடைத்த இடமாகவும் இருந்தது. அந்த இடத்தை இழந்தவளுக்கு ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டு உதவி அளித்துவிட்டதாகக் கணக்கு வைத்துக்கொண்டோம்.

மூன்றாம் படி, சொல். அழைப்பு இணைந்ததும் ‘என்ன பிரச்சினை?’ என்று கேட்பார்கள். ‘படிக்க முடியல’, ‘தலைவலி’, ‘தூக்கம் வரல’ என்றுதான் பெரும்பாலோர் தொடங்குவார்கள். தமிழ்நாட்டில் மனத்துயரம் உடல்நோவின் வழியாகத்தான் வெளியே வருகிறது. அதைக் கேட்டு அடுத்த கேள்வியைச் சரியாகக் கேட்க, அந்த வட்டாரப் பேச்சு தெரிந்தவர் மறுமுனையில் வேண்டும்.

நான்காம் படி, அதே ஆள். உதவி எண்ணில் இன்று பேசியவர் நாளை கிடைக்கமாட்டார், பணிமுறை மாறியிருக்கும். நெருக்கடியான ஓர் இரவைக் கடக்க யாருடைய குரலும் போதும். அதில் உயிர்கள் காப்பாற்றப்படுகின்றன. அதைக் குறைத்துப் பேசக் கூடாது. மனச்சோர்வுக்கான பேச்சுவழிச் சிகிச்சை வாரம் ஒருமுறை வீதம் பல வாரங்கள் ஒரே நபரோடு நடப்பது. ஒவ்வொரு முறையும் புதியவரிடம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தால், மூன்றாவது முறை யாரும் அழைக்கமாட்டார்கள்.

ஐந்தாம் படி, மருந்து. ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவர்களை இந்தப் பேச்சில் பலரும் மறந்துவிடுகிறார்கள். கல்லூரி இருக்கும் நகரத்தில் ஒரு மருத்துவரிடம் காட்டிக்கொண்டிருந்த மாணவர் ஊருக்கு வந்துவிட்டார். பஸ் இல்லை, மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். வீட்டுக்கே தெரியாமல் சிகிச்சை எடுத்தவராக இருந்தால் எந்தக் காரணத்தைக் காட்டி விண்ணப்பிப்பார்? இந்த வகை மருந்துகளைத் திடீரென நிறுத்துவது தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கமின்மை முதல் நோய் திரும்புவது வரை கொண்டுபோய் விடும்.

விதிகளில் ஒரு நல்ல மாற்றம்

ஐந்தாம் படியில்தான் அரசு வேகமாக ஒரு காரியம் செய்தது. நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கிய அதே 2020 மார்ச் 25 அன்று தொலைமருத்துவ நெறிமுறைகள் வெளியாயின. அதுவரை இந்தியாவில் தொலைபேசி வழி மருத்துவம் சட்டத்தின் சாம்பல் பகுதியில் இருந்தது. பதிவு பெற்ற மருத்துவர் எழுத்து, குரல், காணொலி ஆகிய எந்த வழியிலும் நாட்டின் எந்தப் பகுதியில் இருப்பவருக்கும் சிகிச்சை தரலாம் என்பது இப்போது எழுத்தில் வந்தது. மருந்துகள் பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டன: எந்த வழியிலும் எழுதக்கூடியவை, முதல் சந்திப்பு காணொலியில் நடந்தால் எழுதக்கூடியவை, ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவருக்குத் தொடர்ச்சியாக மட்டும் எழுதக்கூடியவை, எழுதவே கூடாதவை. பதற்றத்துக்கும் உறக்கத்துக்கும் தரப்படும் சில மாத்திரைகள் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் கடைசிப் பட்டியலில் சிக்கின. அதே ஆண்டில் நிம்ஹான்ஸ் நிறுவனமும் இந்திய மனநல மருத்துவச் சங்கமும் தொலைமருத்துவச் சங்கத்தோடு சேர்ந்து மனநலத்துக்கென்று தனி வழிகாட்டி ஒன்றைத் தந்தன. ஏப்ரலில் தொடங்கிய ‘இ-சஞ்சீவனி’ இணையவழி வெளிநோயாளர் சேவையைத் தொடக்கத்தில் மிகுதியாகப் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

அமெரிக்காவோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். அங்கே உளவியலாளருக்கும் ஆலோசகருக்கும் உரிமம் வழங்குவது அந்தந்த மாநிலம். 2020 மார்ச்சில் மாணவர்கள் ஊருக்குப் போனதும், மாநில எல்லை தாண்டியவர்களுக்குத் தொடர்ந்து சிகிச்சை தரலாமா என்று பல்கலைக்கழக மையங்கள் தடுமாறின. அவசரகால விலக்குகள் கிடைத்தன. பின்பு ஒவ்வொன்றாகக் காலாவதியாயின. நமக்கு எல்லைத் தடை இல்லை. அந்த வசதி பயன்படும் அளவுக்கு ஆட்கள் இல்லை.

தொலைவழி மனநலச் சிகிச்சை நமக்குப் புதிதும் இல்லை. சென்னையில் 1984-இல் தொடங்கப்பட்ட ஸ்கார்ஃப் அமைப்பு, 2010 முதல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பஸ்ஸையே நடமாடும் மனநல மருத்துவமனையாக்கி இயக்கியது. பஸ்ஸுக்குள் திரையில் சென்னை மருத்துவர் பேசுவார். மருந்து அங்கேயே கிடைக்கும். நோயாளி பேசுவதற்கு மூடிய ஓர் இடத்தை ஊருக்கே கொண்டுபோனது அந்தப் பஸ். மேலே சொன்ன இரண்டாம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் பதில் பத்தாண்டுகளுக்கு முன்பே நம் மண்ணில் இருந்தது. அதை மாணவர்களுக்காகப் பெருக்க யாரும் முனையவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

சட்டம் தரும் உரிமைகள்

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 பற்றி மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில.

1. அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை. இது பிரிவு 18.

2. சிகிச்சை விவரம் ரகசியம். உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற விதிவிலக்குகள் தவிர வெளியிடக் கூடாது. பதினெட்டு வயது நிறைந்தவர் தனக்கான பிரதிநிதியைத் தானே நியமிக்கலாம். அது பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கல்லூரி ஆலோசகரிடம் சொன்னது முதல்வர் அறைக்குப் போய்விடுமோ என்ற அச்சம் மாணவர்களிடம் பரவலாக உண்டு. அந்த அச்சத்துக்கு ஒரு காரணமும் உண்டு: இந்தச் சட்டம் ‘மனநல வல்லுநர்’ என்று வரையறுப்பவர்களின் பட்டியலில் சாதாரணக் கல்லூரி ஆலோசகர் இடம்பெறவில்லை. ஆகவே கல்லூரியே எழுத்துப்பூர்வமான ரகசியக் கொள்கையை வகுத்து அறிவிப்பது அவசியமாகிறது.

3. உடல்நோய்க்குத் தருவதைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும். ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கானவை. மாணவருக்குத் தேவைப்படுவது வாராந்தரச் சந்திப்புக்கான கட்டணம்.

4. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனநெருக்கடியில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது. முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவுக்கு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் நேர்ப் பிரிவு இல்லை. போலீஸ் வழக்குக்குப் பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருக்க வேண்டியதில்லை.

பெருந்தொற்றுக்குப் பின் வந்தவை

சிதறிக்கிடந்த எண்களை ஒன்றாக்கும் முயற்சி 2022-இல் தொடங்கியது. அந்த ஆண்டின் மத்திய நிதிநிலை அறிக்கை, பெருந்தொற்று மனநலச் சிக்கல்களை எல்லா வயதினரிடமும் கூட்டியிருக்கிறது என்று ஒப்புக்கொண்டு தேசியத் தொலைமனநலத் திட்டத்தை அறிவித்தது. அக்டோபர் 10 அன்று ‘டெலி மானஸ்’ 14416 என்ற எண்ணில் தொடங்கியது. தமிழகம் அதே எண்ணை ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்ற பெயரில் நடத்துகிறது. இலவசம், நாள் முழுவதும் தமிழில் பேசலாம். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது இப்போதே தேவையென்றால் 14416 அல்லது 104 எண்ணை அழைக்கலாம். தேவைப்பட்டால் அடுத்த நிலை மருத்துவரிடம் இணைக்கும் அடுக்குமுறை இதில் இருப்பது முந்தைய எண்களைவிட முன்னேற்றம். டிசம்பரில் மருத்துவக் கல்லூரிகளில் ‘மனம்’ என்ற மனநல நல்லாதரவு மன்றத் திட்டமும் தொடங்கியது.

அடுத்து உச்ச நீதிமன்றம். 2025 மார்ச்சில், உயர்கல்வி நிலையங்களில் மாணவர் மனநலத்தை ஆராய முன்னாள் நீதிபதி எஸ்.ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு அமைக்கப்பட்டது. ஜூலை 25 அன்று வேறொரு வழக்கில் நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு 15 வழிகாட்டு நெறிகளைப் பிறப்பித்தது. சட்டமோ விதியோ வரும்வரை இவை கல்வி நிலையங்களைக் கட்டுப்படுத்தும்.

இதில் ஒரு வரியைச் சரியாகப் படிக்க வேண்டும். ‘100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் உள்ள நிறுவனம், தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும்’ என்பதே சாரம். நூறு மாணவருக்கு ஒருவர் என்று இதற்குப் பொருள் கொள்ள இடமுண்டு, அது தவறு. 4,000 பேர் படிக்கும் கல்லூரி ஒரே ஒருவரை நியமித்து இந்த வரியை நிறைவேற்றிவிடலாம். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: நாளுக்கு ஆறு பேர், பருவத்துக்குத் தொண்ணூறு வேலைநாள் என்றால் 540 சந்திப்பு. ஒருவருக்கு எட்டுச் சந்திப்பு தேவைப்பட்டால், ஒரு பருவத்தில் முழுமையாக உதவி பெறுவோர் 67 பேர். மாணவர்–ஆலோசகர் விகிதம் உகந்த அளவில் இருக்க வேண்டும், சிறு குழுக்களுக்கு வழிகாட்டிகளை ஒதுக்க வேண்டும் என்றும் நெறிகள் சொல்கின்றன. ஆனால் விகிதத்துக்கு எண் இல்லை. எண் இல்லாத விதியை நிறைவேற்றாதவர் யார் என்று கண்டுபிடிக்க முடியாது.

டெலி மானஸ் உள்ளிட்ட உதவி எண்களை விடுதியிலும் வகுப்பறையிலும் பொது இடங்களிலும் எழுதிவைக்க வேண்டும், ஊழியர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை பயிற்சி தர வேண்டும் என்பவை உடனே செய்யக்கூடியவை. விடுதிக் காப்பாளர், மெஸ் ஊழியர், பஸ் ஓட்டுநர் ஆகியோரையும் அந்தப் பயிற்சிக்குள் கொண்டுவந்தால், முன்பு அறுந்த வலையின் சில முடிச்சுகளாவது இறுகும்.

அடுத்த மூடலுக்கு

கல்லூரி மூடப்படுவதற்கு இன்னொரு பெருந்தொற்று வர வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் சென்னைக் கல்லூரிகள் ஒரு வாரத்தை ஒட்டி மூடிக்கிடந்தன. மின்சாரமும் இணையமும் போயிருந்தன. மூடலுக்கென்று ஒரு கல்லூரி முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டியவை அதிகம் இல்லை. தொடர் ஆலோசனையில் இருப்பவர்கள் எந்த எண்ணில், எந்த நேரத்தில், எந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால் பாதுகாப்பாகப் பேச முடியும் என்று அவர்களிடமே முன்பே கேட்டு வைத்த குறிப்பு. ஒவ்வொருவரின் சொந்த மாவட்டத்திலும் எந்த அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு எந்தக் கிழமைகளில் இயங்குகிறது என்ற விவரம். மருந்து எடுப்பவருக்கு ஒரு மாத இருப்பும் மருந்துச் சீட்டின் நகலும். வீட்டில் இருப்பது ஆபத்து என்பவர்களுக்காகத் திறந்தே இருக்கும் ஒரு விடுதிக் கட்டடம்.

இன்னொன்று ஆலோசகரின் நியமன ஆணையில் இருக்கிறது. நெறிகளை நிறைவேற்றப் பல கல்லூரிகள் இப்போது ஆள் எடுக்கப்போகின்றன. வேலைநாளுக்கு மட்டும் ஊதியம் என்று தற்காலிகமாக எடுக்கப்பட்டவர், கல்லூரி மூடும் நாளில் தானும் வருமானம் இழந்து வீட்டுக்குப் போவார். மாணவர்களை எந்த எண்ணில், எந்த நேரத்தில் அழைக்கலாம் என்று எழுதிய அந்தக் குறிப்பு அவருடைய மேசையில் பூட்டியிருக்கும்.